அம்மம்மாவின் சனிக்கிழமை இடாப்பு: ஒரு நினைவு மலர் பற்றிய நிகழ்வு ஆய்வு

என் அம்மம்மா 2022 பெப்ரவரியில் கனடாவின் ஸ்காபரோவில் காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்கு ஒரு கிழமை போக, எழுத எங்களுக்கு 24 நாள் இருந்தது. அந்த 24 நாளில் என்ன செய்தோம், எங்கே பிழைவிட்டோம், எது கைகொடுத்தது என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து, பிள்ளைகளோடு வெளிநாடு வந்து அங்கேயே கண்மூடிய ஆசிரியைகள் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத உட்காருகிற பேரப்பிள்ளைகளுக்கு இது உதவ வேண்டும்.

நினைவு மலரை எங்கள் பழைய ஆட்கள் ‘கல்வெட்டு’ என்பார்கள். முதல் பக்கத்தில் படம், அடுத்தது இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு பஞ்சபுராணம் என்கிற ஐந்து திருமுறைப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இந்த ஒழுங்கு எல்லாருக்கும் பழக்கம் என்பதால் துக்கத்தில் இருக்கிற குடும்பம் அதிகம் யோசிக்காமல் எழுதிவிடலாம். எங்கள் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

முதல் வரைவு

மூன்றாம் நாளே ஒரு வரைவு தயார். மரண அறிவித்தலை நீட்டி எழுதியதுதான் அது. அறிவித்தல்களின் நடை எங்களுக்கு மனப்பாடம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார்களின் பாசமிகு தாயாரும், மாமியாரும், பேத்தியும் (பாட்டி), பூட்டியும் ஆவார்.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “இதில அவ எங்க?” என்று கேட்டார்.

திரும்ப வாசித்துப் பார்த்தேன். மகள், மனைவி, தாய், பேத்தி என்று உறவுகள் வரிசையாக நின்றன. அவர் செய்தது என்று ஒரு வினைச்சொல்கூட இல்லை. 38 வருடம் உழைத்த தொழில் ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. கனடாவில் வாழ்ந்த 24 வருடம் ‘வதிவிடம்’ என்ற ஒரே சொல். பிள்ளைகளோடு வந்து ஓய்வாக இருந்தார் என்றுதான் அதை வாசிக்கிற எவருக்கும் படும். எங்களுக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்: அம்மம்மா ஓய்வில் இருந்ததாக நாங்கள் நினைத்த காலம் முழுக்க அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அதே வீட்டில் இருந்துகொண்டே நாங்கள் அதைக் காணவில்லை.

ஆண்டுகளைப் பிடித்த விதம்

வயதிலேயே குழப்பம் வந்தது. நாங்கள் 94 என்றோம். கடவுச்சீட்டுப்படி 92. அவருடைய ஊர் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது அந்தப் பக்கத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் போயிற்று. கடவுச்சீட்டு எடுக்க அவசரம் வந்தபோது உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து 1930 என்று பதிந்திருக்கிறார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தது பென்சன் கடிதம். ஆசிரியர் சேவையில் சேரும்போது கொடுத்த பிறந்த திகதி அதில் அப்படியே இருந்தது: 1928 ஜனவரி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முரண் இருந்தால் முதலில் பென்சன் காகிதத்தைத் தேடுங்கள். கடவுச்சீட்டு பயணத்துக்காக எடுத்தது. பென்சன் கோப்பு ஒருவருடைய சேவைக்காலம் முழுக்கக் கூடவே வந்தது.

மற்ற ஆண்டுகளை ஊர் நிகழ்வுகளோடு கட்டிக் கட்டித்தான் பிடித்தோம். வயதானவர்களுக்கு ஆண்டு ஞாபகம் இருக்காது, ஆனால் ‘புயலுக்கு முதல்’, ‘புயலுக்குப் பிறகு’ என்று தெளிவாகச் சொல்வார்கள். புயல் என்றால் 1964 டிசம்பர் 22, 23 இரவில் அடித்த பெரும்புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல். அந்த ஒரு ஆணியை அடித்தவுடன் நாலு விஷயம் தானாகவே இடத்தில் போய் உட்கார்ந்தது.

இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். அதுவரை ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் காசு வாங்கின, தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் காசில்லை. அம்மம்மாவுக்கு அப்போது 17 வயது, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலேயே எஸ்.எஸ்.சி. வகுப்புக்கு வந்திருந்தார். தங்கை வயதில் சின்னவர் என்பதால் காசில்லாமல் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனார். ஒரே வீட்டில் அக்காவுக்குத் தமிழ், தங்கைக்கு ஆங்கிலம். 70 வயதில் கனடாவில் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்த அம்மம்மாவை இதைத் தெரிந்த பிறகுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து 1950இல் ஊருக்குப் பக்கத்துச் சைவப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், ஆனால் வேலைக்கு எடுப்பவர் பள்ளிக்கூட மனேச்சர். 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் இப்படியான பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுத்தது. ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்கள் ஆனார்கள்; எங்கும் மாற்றலாம் என்றும் ஆயிற்று. 1963இல் மலையகத்துக்கு மாற்றம் வந்தது. ஐந்து வயது மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு ரயிலேறி, பொல்கஹவெலயில் இறங்கி மற்ற ரயில் பிடித்து மலையேறினார். அந்த மகள்தான் என் அம்மா. மூன்று வருடம், தவணை விடுமுறைக்கு மட்டும் வீடு. புயல் அடித்தபோது டிசம்பர் விடுமுறையில் ஊரில் நின்றார்.

1988இல் 60 வயதில் ஓய்வு. 1990இல் இடம்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கு 67 வயது. சேவைக் காகிதங்களைப் பொலித்தீன் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து உறவினர் வீட்டில் இருந்தார். பிறகு கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு, 1997 நவம்பரில் ரொறன்ரோ.

கேட்ட கேள்விகளின் பிழை

2014இல், அவருக்கு 86 வயதில், நான் போனில் அவருடைய பேச்சைப் பதிந்து வைத்திருந்தேன். மொத்தம் இரண்டு மணித்தியாலம் வரும். இறந்த பிறகு அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்தது. அவர் குரலைக் கேட்டதால் மட்டும் அல்ல. நான் கேட்ட கேள்விகள் அவரை எப்படி வாயடைக்க வைத்தன என்பதைக் கேட்டதாலும்தான்.

எந்த வருடம் சேர்ந்தீங்கள்? எந்தப் பள்ளிக்கூடம்? எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்? எல்லாவற்றுக்கும் ஒரு வரிப் பதில். ஒரு இடத்தில், “நான் என்னத்தைச் செய்தன், பிள்ளை? போனன், படிப்பிச்சன், வந்தன்” என்று முடித்துவிட்டார். அப்படியே விட்டுவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

கடைசி நாற்பது நிமிடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கேள்வி தீர்ந்து போய்ச் சும்மா கேட்டிருக்கிறேன்: “வகுப்புக்குள்ள போனவுடன முதல் என்ன செய்வீங்கள், அம்மம்மா?”

“யன்னலைத் திறப்பன். பிள்ளையளின்ர முகம் தெரியோணும். சாப்பிடாமல் வந்த பிள்ளை எது எண்டு முகத்திலயே தெரியும். அதுக்கு முதல் பாடம் கணக்கு வைக்கக் கூடாது. ஒரு பாட்டுப் பாடவேணும். பணிஸ் குடுக்கிற நேரம் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளை தாங்கோணும் எல்லோ?”

அதிலிருந்து பேச்சு நிற்கவே இல்லை. கரியும் கோவை இலையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியது, மழை நாளில் ஓலைக் கூரை ஒழுகும் மூலையிலிருந்து பிள்ளைகளை நகர்த்தியது, மலையகத்தில் குளிரில் விரல் விறைத்த பிள்ளைகளை முதல் பத்து நிமிடம் கையைத் தேய்க்கவிட்டுப் பிறகு எழுதவைத்தது. ஒரு நாளில் கை என்ன செய்தது என்று கேட்டால் வாழ்க்கை வெளியே வருகிறது. எந்த வருடம் என்று கேட்டால் படிவம் நிரப்புகிற மாதிரிப் பதில்தான் வரும். இதை நான் எட்டு வருடம் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

சூட்கேஸ்

15ஆம் நாள் அம்மாவும் நானும் அவருடைய அறையை ஒதுக்கினோம். கட்டிலுக்குக் கீழே, 1997இல் அவர் கொண்டுவந்த அதே சூட்கேஸ். மேலே இரண்டு பருத்திச் சேலை. கீழே கொப்பிகள். அவற்றில் ஏழு கொப்பிகள் இடாப்பு.

பள்ளிக்கூட வரவு இடாப்பை அவர் கையால் கோடு கீறிச் செய்திருந்தார். இடப்பக்கம் இலக்கமும் பெயரும், மேலே திகதிகள், எல்லாம் சனிக்கிழமைகள். வந்த நாளுக்குச் சாய்ந்த கோடு, வராத நாளுக்கு வட்டம். முதல் கொப்பியில் முதல் பக்கம் 1998 ஜனவரி. மூன்று பெயர்கள். முதல் பெயர் என்னுடையது.

எனக்கு அப்போது 11 வயது. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் பக்கத்து அப்பார்ட்மென்ட் பிள்ளைகளோடு என்னையும் இருத்தித் தமிழ் எழுத வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதை அம்மம்மா பொழுதுபோக்குக்குச் செய்தார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் அதை வகுப்பாக நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் பின்பக்கமும் அன்றைய பாடக் குறிப்பு. “இன்று கொம்பு பிடிபட்டது.” “ழகரம் இன்னும் வரவில்லை. அவசரமில்லை.” “தகப்பன் இரவு வேலை. பிள்ளைக்கு நித்திரை போதாது. வாசிப்பு மட்டும்.”

கொம்பு பிடிபட்டது என்பதை இங்கே விளக்க வேண்டும், அவருடைய திறமை அதில் இருக்கிறது. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வரும், அடுத்தது க, அதற்குப் பிறகு கால். வாயில் முதலில் வருவதோ க. கேட்கிற வரிசையிலேயே எழுத்தைப் போட்டு ஆங்கிலத்தில் பழகிய பிள்ளைக்கு இது தலைகீழ். அப்படியான பிள்ளைகள் ‘க’வை முதலில் எழுதிவிட்டுக் கொம்பை எங்கே வைப்பது என்று முழிப்பார்கள். யாழ்ப்பாணத்து அரிவரிப் பிள்ளைகளிடம் அவர் இந்தச் சிக்கலை அவ்வளவாகக் கண்டதில்லை. இங்கே வந்து கண்டபோது புது வழி தேடினார். கேக் சுடும் தட்டில் ரவையைப் பரப்பி, கொம்பை இடக்கை விரலாலும் எழுத்தை வலக்கை விரலாலும் எழுதவைத்தார். “கைக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை” என்பார். நான் அப்படித்தான் படித்தேன். அது 70 வயதில் ஒரு ஆசிரியை புதிதாக யோசித்துக் கண்ட முறை என்று அந்தக் கொப்பியைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

இன்னொரு கொப்பி, அவரே மாணவியாக இருந்தது. புதிதாக வந்த குடியேறிகளுக்கு அரசாங்கச் செலவில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்புக்கு 1998 குளிர்காலத்தில் போயிருக்கிறார். சொல்வதெழுதுதலில் பத்துக்கு நாலு, பத்துக்கு ஆறு. ஒரு பக்கத்தில் அந்த ஆசிரியை நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து அம்மம்மாவின் சனிக்கிழமை இடாப்பிலும் நட்சத்திர ஸ்டிக்கர்கள் வரத் தொடங்குகின்றன. 38 வருட அனுபவம் உள்ள ஆசிரியை இன்னொரு ஆசிரியையிடம் ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டதும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் கனநேரம் கட்டிலிலேயே இருந்தோம்.

ஏன் எங்கள் கண்ணில் படவில்லை

இதை அம்மாவோடு நிறையப் பேசினேன். அம்மா சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோரைக் கனடாவுக்கு எடுக்கும் பிள்ளை, அவர்களைப் பத்து வருடம் தன் பொறுப்பில் பார்ப்பேன் என்று அப்போது கையெழுத்து வைக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியமும் பத்து வருடம் இங்கே வாழ்ந்த பிறகுதான், அதுவும் ஒரு பகுதி. அம்மம்மாவுக்கு அது 2007 கடைசியில்தான் தொடங்கியது. இலங்கைப் பென்சன் ஊர் வங்கியில் விழும். உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஆகவே காகிதத்தில் அவர் எங்களில் தங்கியிருப்பவர். நாங்கள் அவரைப் பார்க்கிறோம் என்ற நினைப்பிலேயே பத்து வருடம் போயிற்று. அம்மாவும் அப்பாவும் இரண்டு வேலை செய்த அந்தக் காலத்தில் எங்களைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தது, சமைத்தது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது எல்லாம் அவர்தான். யார் யாரைப் பார்த்தார்கள் என்று அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை.

அம்மம்மாவும் சொல்லிக்கொள்ளவில்லை. ‘அரசாங்க நியமனம் இல்லாததை உத்தியோகம் எண்டு சொல்லக் கூடாது’ என்பது அவர் கட்சி.

இரண்டாம் வரைவு

மிஞ்சியிருந்தது ஒன்பது நாள். பழைய வரைவைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

அதற்குள் மரண அறிவித்தலைப் பார்த்து மாணவர்கள் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். பாரிஸ், லண்டன், மெல்பேர்ண், ஊர். ஆறுதல் சொல்லிவிட்டு வைக்கப் போனவர்களை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ரீச்சர் வகுப்பில் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். 60 தாண்டிய ஒருவர், தன்னிடம் செருப்பில்லாத வருடம் ரீச்சரும் வகுப்புக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்தார் என்றார். மலையகத்தில் படித்த ஒரு அம்மா, “எங்க டீச்சர் என் பேரை முழுசா கூப்பிட்ட மொத ஆளு” என்றார். 57 வருடத்துக்குப் பிறகும் அவருக்கு அது ஞாபகம் இருந்தது.

மலர் 64 பக்கம் வந்தது. பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் வம்சாவளியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதைத் தேடி வாசிக்கிற பெரியவர்களுக்கு அது வேண்டும். வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பை மட்டும் எடுத்துவிட்டு, ‘ரீச்சரின் ஒரு நாள்’ என்று போட்டோம். வலிகாமத்தில் ஒரு நாள், மலையகத்தில் ஒரு நாள், ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை. ஒலிப்பதிவில் அவர் பேசியதைப் பேச்சுத் தமிழிலேயே விட்டோம். பெரிய மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆசிரியையின் மலரில் கொச்சைத் தமிழா என்று கேட்டார். அச்சுப் பிரதியைப் பார்த்த பிறகு, “அம்மா கதைக்கிற மாதிரியே கிடக்கு” என்றதோடு சரி. இடாப்பின் இரண்டு பக்கங்களைப் படமாகப் போட்டோம். நூலகம் நிறுவனம் ஈழத்து நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வைப்பதால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

குறைகளும் உண்டு. தாத்தாவைப் பற்றி மூன்று வரிதான் வந்தது. 1950களில் அம்மம்மா படிப்பித்த பிள்ளைகள் ஒருவரைக்கூடத் தேடிப் பிடிக்க முடியவில்லை; அந்தப் பள்ளிக்கூட இடாப்புகள் ஊரோடு போயின. இன்னொரு பிழையை அந்தியேட்டி அன்றுதான் கண்டோம்.

மலரின் பின்னால் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் போட்டிருந்தோம். 22 வருடத்தில் இடாப்பில் மொத்தம் 96 பெயர். இடம் போதாதென்று, ஒரு தவணையாவது வந்தவர்கள் என்று கணக்கு வைத்து 81 பெயரை மட்டும் அச்சடித்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் மலரைப் புரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். “நானும் வந்தனான். ரெண்டு மூண்டு கிழமைதான். பிறகு நாங்கள் வீடு மாறிப் போயிட்டம்” என்றார். குறை சொல்லவில்லை, சொல்ல வேண்டும் போல இருந்ததென்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து நாலாவது கொப்பியை எடுத்தேன். 2003. பெயர் இருந்தது. மூன்று சாய்ந்த கோடு. நாலாவது சனியிலிருந்து வட்டம். நான் அந்த வரியில் விரலை வைத்து வலப்பக்கம் போனேன். பக்கம் புரட்டினேன். புதுப் பக்கத்திலும் அம்மம்மா அந்தப் பெயரை மறுபடி எழுதியிருந்தார். டிசம்பர் கடைசிச் சனி வரை ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வட்டம்.

மிச்சம் இருந்த 40 பிரதிகளையும் மேசையில் அடுக்கினோம். அம்மா பேனா எடுத்து வந்தார். விடுபட்ட 15 பெயரையும் ஒவ்வொரு பிரதியிலும் கையால் எழுதி முடிக்க விடியப்புறம் இரண்டு மணி ஆயிற்று.